முடக்கப்பட்ட கிரிப்டோ கணக்கு: யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்குவோருக்கான வழிகாட்டி

வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்தபடியே மென்பொருளும் வடிவமைப்பும் செய்து கொடுக்கும் இளையோர் யாழ்ப்பாணத்தில் இப்போது பலர் உள்ளனர். அவர்களில் சிலருக்குக் கூலி, அமெரிக்க டொலரின் பெறுமதியோடு பிணைக்கப்பட்ட யூ.எஸ்.டி.ரி. என்ற மெய்நிகர் நாணயமாக வந்து சேருகிறது. வேறு சிலருக்குக் கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ இருக்கும் உறவினர், கட்டணம் குறையும் என்று எண்ணி, அதே வழியில் பணம் அனுப்புகின்றனர். இவ்விரு சாராரும் என்றாவது ஒரு நாள், இத்தகைய நாணயங்களை வாங்கவும் விற்கவும் வைத்திருக்கவும் உதவும் கிரிப்டோ பரிமாற்றத் தளத்தில் உள்ள தமது பணத்தை எடுக்க முடியாதபடி கணக்கு முடக்கப்பட்டிருப்பதைக் காண நேரலாம். அந்நிலை வராமல் தடுப்பதற்குத் தொடக்கத்திலேயே என்ன செய்ய வேண்டும், வந்துவிட்டால் எந்த ஒழுங்கில் செயற்பட வேண்டும் என்பவற்றையே இங்கு எழுதுகிறேன். கிரிப்டோ வாங்குங்கள் என்றோ வாங்காதீர்கள் என்றோ சொல்வது என் நோக்கமன்று.

முடக்கம் நீங்குவதற்கு உதவுவது, பணம் எங்கிருந்து, யாரிடமிருந்து, எதற்காக வந்தது என்பதைக் காட்டும் ஆவணமே. அந்த ஆவணத்தைப் பணம் வந்த அன்றே எடுத்து வைத்தவருக்கு வேலை எளிது. முடக்கப்பட்ட பின்னர் தேடத் தொடங்குபவருக்குப் பல வேளைகளில் அது கிடைப்பதேயில்லை. எங்கள் ஊரில் பணம் பெரும்பாலும் நம்பிக்கையின் பேரில், எழுத்தின்றிக் கைமாறுகிறது என்பதால் இந்த எச்சரிக்கை எங்களுக்குக் கூடுதலாகப் பொருந்துகிறது.

இலங்கைச் சட்டத்தில் உங்கள் நிலை

கணக்குத் திறப்பதற்கு முன் இதை விளங்கிக்கொள்ளுங்கள். மெய்நிகர் நாணயம் இலங்கையில் சட்டமுறையான நாணயமன்று என்றும், அதனுடன் தொடர்புடைய தொழிலை நடத்துவதற்கு எவருக்கும் தான் அனுமதிப்பத்திரம் வழங்கவில்லை என்றும் இலங்கை மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் பொதுமக்களுக்கு அறிவித்தது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் விடுக்கப்பட்ட 2021ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பணிப்புரைகளின்படி, வங்கிகள் தரும் பற்று அட்டையையும் கடனட்டையையும் மெய்நிகர் நாணயக் கொடுப்பனவுகளுக்குப் பயன்படுத்த அனுமதியில்லை. ஆகவே அட்டையால் வாங்கலாம் என்று யாராவது கற்றுக்கொடுத்தால் அதைப் பின்பற்ற வேண்டாம். இவ்விதிகள் மாறக்கூடியவை, பெரிய தொகையில் எதையும் செய்வதற்கு முன் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் உள்ள தமிழ்ப் பக்கங்களைப் பாருங்கள்.

இதன் நடைமுறை விளைவு கடுமையானது. உள்ளூர் வங்கியொன்றுடன் உங்களுக்குப் பிணக்கு ஏற்பட்டால் மத்திய வங்கியிடம் முறையிடலாம். வெளிநாட்டுப் பரிமாற்றத் தளம் உங்கள் பணத்தை நிறுத்தி வைத்தால், அதை விடுவிக்கும்படி அதற்குக் கட்டளையிடக்கூடிய அதிகாரி இங்கே இல்லை. அந்தத் தளம் எந்த நாட்டில் பதிவு செய்யப்பட்டு, யாரிடம் அனுமதி பெற்றதோ அங்குதான் முறையிட வேண்டும். கணக்குத் திறக்கும் அன்றே, பயன்பாட்டு நிபந்தனைகளில் உங்களோடு ஒப்பந்தம் செய்யும் நிறுவனத்தின் முழுப்பெயரும் நாடும் எவை என்பதைத் தேடி, அப்பக்கத்தைச் சேமித்து வையுங்கள். அங்கு நிறுவனப் பெயரே காணப்படாவிட்டால் அத்தளத்தில் ஒரு சதமும் வைக்க வேண்டாம்.

தளங்கள் ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கின்றன

1989இல் உருவாக்கப்பட்ட எஃப்.ஏ.ரி.எஃப். என்ற நிதி நடவடிக்கைச் செயலணியே பணம் தூயதாக்கலை, அதாவது குற்றத்தால் வந்த பணத்தை நேர்மையான பணம்போலக் காட்டுவதைத் தடுக்கும் உலகளாவிய நியமங்களை வகுக்கிறது. 2019 யூனில் அது தன் விதிகளைக் கிரிப்டோ நிறுவனங்களுக்கும் விரிவாக்கியது. வாடிக்கையாளரை அடையாளங்காணல், சந்தேகத்துக்குரிய கொடுக்கல்வாங்கல்களை அறிக்கையிடல் ஆகியவற்றோடு, 1,000 டொலர் அல்லது யூரோவுக்கு மேற்பட்ட தொகை ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும்போது அனுப்புநர், பெறுநர் இருவரதும் விபரங்கள் கூடவே செல்ல வேண்டும் என்ற ‘பயண விதி’யும் அதில் அடங்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 30 முதல் இவ்விதி எந்தச் சிறு தொகைக்கும் பொருந்துகிறது. பிரான்சில் அல்லது ஜேர்மனியில் இருக்கும் அண்ணன் 50 யூரோ அனுப்பினாலும் உங்கள் பெயரை அவரிடம் கேட்பது இதனால்தான்.

விதியை மீறியோர் கொடுத்த விலையும் பெரிது. 2023 நவம்பரில் பைனான்ஸ் என்ற கிரிப்டோ பரிமாற்ற நிறுவனம் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 4.3 பில்லியன் டொலர் அளவில் செலுத்த இணங்கியது. அதன் நிறுவுநர் சாங்பெங் சாவோ பதவி விலகியதுடன் 2024இல் 4 மாதச் சிறைத்தண்டனையும் பெற்றார். அதற்குப் பின்னர், ஐயத்துக்கிடமான கணக்கைத் திறந்து விடுவதைவிட நிறுத்தி வைப்பதே தளங்களுக்குப் பாதுகாப்பான தெரிவாகிவிட்டது.

நாணயம் எந்தெந்த முகவரிகளினூடாக வந்தது என்பதும் பார்க்கப்படுகிறது. முகவரி என்பது இங்கே நாணயத்தை அனுப்பவும் பெறவும் பயன்படும், கணக்கிலக்கம் போன்ற எழுத்துத்தொடர். செயினலிசிஸ், எலிப்டிக் போன்ற நிறுவனங்களின் மென்பொருள்கள், உங்கள் முகவரிக்கு வந்த நாணயத்தின் முந்தைய பயணத்தைப் பின்னோக்கித் தேடுகின்றன. 2025 பெப்ரவரியில் பைபிற் தளத்திலிருந்து ஏறத்தாழ 1.5 பில்லியன் டொலர் பெறுமதியான நாணயங்கள் திருடப்பட்டபோது, அவை ஆயிரக்கணக்கான முகவரிகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டன. அப்படிப்பட்ட நாணயத்தின் ஒரு துளி, பல கைகள் மாறி, எதுவுமறியாத ஒருவரின் கணக்குக்கு வந்து சேர்ந்தாலும் கணக்கு நிறுத்தப்படலாம். தளத்தில் வைக்காமல், தன் கைபேசியிலோ கருவியிலோ தானே கட்டுப்படுத்தும் மின்னணுப் பணப்பையில் வைத்திருந்தால் யாரும் தொட முடியாது என்ற எண்ணமும் முழுமையாகச் சரியன்று: யூ.எஸ்.டி.ரி.யை வெளியிடும் ரெதர் நிறுவனம் எந்தவொரு முகவரியிலுமுள்ள தன் நாணயத்தை முடக்க வல்லது, முடக்கியும் இருக்கிறது.

முதற்படி: பெயரும் முகவரியும்

யாழ்ப்பாணத்தவர் பலர் இடறுவது இவ்விடத்தில்தான். எங்கள் பெயர்முறையில் தந்தையின் பெயர் முன்னால் நிற்கிறது. கடவுச்சீட்டில் அது குடும்பப் பெயருக்குரிய இடத்தில் வருகிறது. வங்கிக் கணக்கில் வெறும் முதலெழுத்தாகச் சுருங்குகிறது. திருமணமான பெண்ணின் ஆவணங்கள் சிலவற்றில் தந்தையின் பெயரும் சிலவற்றில் கணவரின் பெயரும் உள்ளன. ஆங்கில எழுத்துக்கூட்டலோ ஆவணத்துக்கு ஆவணம் வேறுபடுகிறது. இடப்பெயர்வில் மூல ஆவணங்களை இழந்து பின்னர் புதிதாகப் பெற்ற குடும்பங்களில் இது இன்னும் அதிகம். தளத்தின் கணினிக்கு இவையெல்லாம் வெவ்வேறு ஆட்கள்.

ஆகவே கடவுச்சீட்டு இருந்தால் அதையே அடிப்படையாகக் கொண்டு, அதில் உள்ள எழுத்துக்கூட்டலை ஓர் எழுத்தும் மாற்றாமல் பதிவு செய்யுங்கள். வங்கிக் கணக்கில் முதலெழுத்து மட்டும் இருந்தால், முழுப்பெயரோடு கணக்குக் கூற்றுத் தரும்படி வங்கியைக் கேளுங்கள். வேறுபாட்டை நீக்க முடியாதவிடத்து, இரு பெயர்களாலும் குறிக்கப்படுபவர் ஒருவரே எனச் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி ஒன்றை முடித்து, ஆங்கில மொழிபெயர்ப்புடன் வைத்திருங்கள். அதற்காகும் செலவு சொற்பம். முடக்கப்பட்ட பின் அதே தாளுக்காக வாரக்கணக்கில் காத்திருப்பதைவிட இப்போதே செய்வது நல்லது.

முகவரிச் சான்றிலும் இதே சிக்கல் உண்டு. வீட்டு மின்பட்டியல் பெரும்பாலும் தந்தையின் பெயரிலோ, இலண்டனில் இருக்கும் வீட்டு உரிமையாளரின் பெயரிலோ வருகிறது. பல வீடுகளுக்கு இலக்கமே இல்லை. கோவில் வீதி என்ற பெயரோ ஊருக்கு ஊர் உண்டு. உங்கள் பெயரும் முகவரியும் சேர்ந்து அச்சிடப்பட்ட வங்கிக் கூற்றே பொதுவாக எளிதில் ஏற்கப்படுகிறது. கிராம அலுவலர் வழங்கிப் பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட வதிவிடச் சான்றிதழ் அடுத்த துணை.

கணக்கு உங்களுடையதாகவே இருக்கட்டும். ரொறன்ரோவில் இருக்கும் மகன் தன் பெயரில் திறந்து கடவுச்சொல்லைக் கொக்குவிலில் உள்ள பெற்றோரிடம் கொடுப்பது பாசத்தில் செய்யும் காரியம்தான். ஆனால் ஒரே நாளில் இரு கண்டங்களிலிருந்து நுழையப்படும் கணக்கைத் தளம் திருடப்பட்ட கணக்கென்றே கொள்ளும். இருப்பிடத்தை மறைக்கும் வி.பி.என். பயன்பாடும் இதே ஐயத்தை எழுப்பும்.

இரண்டாம் படி: பணம் வந்த வழியைக் காட்டும் கோப்பு

ஒரு கோப்புறையைத் திறந்து, ஒவ்வொரு வரவுக்கும் நான்கு தகவல்களைப் பதியுங்கள்: திகதி, தொகை, அனுப்பியவர், காரணம். அதனோடு பரிவர்த்தனை இலக்கத்தையும், அந்த வரவுக்கு ஆதாரமான ஆவணத்தையும் சேருங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஒப்பந்தம், நீங்கள் அனுப்பிய விலைப்பட்டியல், வேலை ஒப்படைக்கப்பட்டதைக் காட்டும் மின்னஞ்சல் ஆகியன போதும். ஒப்பந்தம் வட்ஸ்அப் பேச்சாக மட்டுமே இருந்தால், “இன்ன வேலைக்கு இவ்வளவு தருகிறோம்” என்று ஒரு வரியாவது மின்னஞ்சலில் எழுதித் தரும்படி கேட்டுப் பெறுங்கள். வரி செலுத்துநர் அடையாள இலக்கமும் வரி விபரத்திரட்டும் இருந்தால் உங்கள் கூற்றுக்கு அவை வலுச்சேர்க்கும்.

சேமிப்பிலிருந்து வந்த பணம் எனில் கவனம் கூடுதலாக வேண்டும். எங்கள் வீடுகளில் கைக்காசு மூன்று வழிகளில் சேர்கிறது: காணி விற்றது, நகை அடகு வைத்தது, சீட்டு எடுத்தது. காணிக்கு உறுதியும், அடகுக்கு வங்கிப் பற்றுச்சீட்டும் உண்டு. அவற்றைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் பெறலாம். சீட்டுக்குத்தான் எதுவுமில்லை. வெளிநாட்டில் இருந்து உங்கள் ஆவணங்களைச் சரிபார்க்கும் தளத்தின் இணக்க அலுவலருக்கு அயலவர்கள் கூடி மாதாமாதம் காசு போட்டு முறைவைத்து எடுப்பது என்னவென்றே தெரியாது. சீட்டுக் காசைக் கையில் வைத்துச் செலவழிக்காமல் வங்கியில் வைப்புச் செய்து, அந்த வைப்புக்கு முன்னர் மாதந்தோறும் நீங்கள் செலுத்திய தொகைகள் கணக்கிலிருந்து வெளியேறியதைக் கூற்றில் காட்ட முடிந்தால், விளக்கம் நம்பத்தக்கதாகிறது.

உண்டியல் மூலம், அதாவது வங்கிக்கு வெளியே முகவர்கள் கைமாற்றும் வழியில் வந்த பணத்தைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். அதற்கு ஆவணம் கிடையாது; கிடைத்தாலும் அது உங்களுக்கு எதிரான ஆவணமாகவே அமையும். உரிமம் இல்லாத வழியில் வந்த பணத்தைத் தளத்தில் இட்டுவிட்டு, கேள்வி எழும்போது “அண்ணா அனுப்பினார்” என்று மட்டும் சொல்ல முடியாது. உறவினர் வங்கி ஊடாகவோ உரிமம் பெற்ற பணமனுப்பு நிறுவனம் ஊடாகவோ அனுப்பட்டும். கட்டணம் சற்றுக் கூடினாலும், முடக்கத்தை நீக்கக்கூடிய பற்றுச்சீட்டு கையில் இருக்கும்.

மூன்றாம் படி: ரூபாயாக மாற்றும் இடம்

பி2பி எனப்படும் நேரடிக் கைமாற்றில், நீங்கள் யூ.எஸ்.டி.ரி.யை விற்க, வாங்குபவர் உங்கள் இலங்கை வங்கிக் கணக்கில் ரூபாயை வைப்புச் செய்கிறார். எனக்குத் தெரிந்த அளவில், புதியவருக்கு இதைவிட ஆபத்தான இடம் வேறில்லை. ஆகவே சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

மோசடி இப்படி நடக்கிறது. ஏமாற்றுக்காரர் ஒருவர் உங்களிடம் நாணயம் வாங்க முன்வருகிறார். அதே நேரத்தில் வேறு மாவட்டத்தில் இருக்கும் ஒருவரை, இணையவழி வேலை என்றோ பரிசு என்றோ நம்பவைத்து, “இந்தக் கணக்கில் காசைப் போடுங்கள்” என்று உங்கள் கணக்கிலக்கத்தைக் கொடுக்கிறார். ஏமாந்தவரின் பணம் உங்கள் கணக்குக்கு வருகிறது, பணம் வந்துவிட்டதென, தளம் அதுவரை பிடித்து வைத்திருக்கும் நாணயத்தை நீங்கள் விடுவிக்கிறீர்கள், ஏமாற்றுக்காரர் மறைந்துவிடுகிறார். சில நாட்களில் பாதிக்கப்பட்டவர் பொலிசில் முறையிடுகிறார். பணம் போன கணக்காகப் பொலிசாருக்குத் தெரிவது உங்களுடையது மட்டுமே. நீங்கள் குற்றமற்றவர், ஆனால் உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படுகிறது.

இதைத் தடுக்கும் விதி: தளத்தில் உறுதிசெய்யப்பட்ட வாங்குநரின் பெயரும், வங்கியில் பணம் அனுப்பியவரின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். “தம்பியின் கணக்கிலிருந்து அனுப்பினேன்” என்று சொன்னால் நாணயத்தை விடுவிக்காதீர்கள். தளத்தில் பிணக்கைப் பதிவு செய்து, வந்த பணத்தை வந்த கணக்குக்கே திருப்புங்கள். பணம் இயந்திரத்தில் ரொக்கமாக இடப்பட்டிருந்தால் இட்டவர் யாரென்று தெரியாது என்பதால் அதையும் ஏற்க வேண்டாம். குறுஞ்செய்தியின் படத்தை நம்பாமல், உங்கள் வங்கிச் செயலியில் மீதியைப் பார்த்த பின்னரே முடிவெடுங்கள். சந்தை விலையைவிடக் கூடுதலாகத் தருகிறேன் என்பவரையும், அவசரப்படுத்துபவரையும், பேச்சை ரெலிகிராமுக்கு மாற்றச் சொல்பவரையும் விட்டு விலகுங்கள். வங்கி காரணம் கேட்டால் பொய் சொல்ல வேண்டாம். “நண்பரின் கடன்” என்று சொல்லிவிட்டுப் பின்னர் மாற்றிச் சொல்வது, குற்றமில்லாத கொடுக்கல்வாங்கலையும் குற்றம்போலக் காட்டும்.

மாணவர்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வங்கிக் கணக்கையோ ஏ.ரி.எம். அட்டையையோ சில நாட்களுக்குத் தந்தால் தரகு தருவோம் என்று கேட்பவர் எவராயினும், நண்பராயினும், மறுத்துவிடுங்கள். 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டம், குற்றத்தால் வந்ததென அறிந்தோ அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்தோ பணத்தைக் கையாள்பவரையும் குற்றவாளியாக்குகிறது.

முடக்கப்பட்டுவிட்டால்

முதலில், அறிவித்தல் உண்மையானதா என்று பாருங்கள். மின்னஞ்சலில் உள்ள இணைப்பை அழுத்தாமல், தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்நுழைந்து, அங்கும் அதே செய்தி இருக்கிறதா எனச் சரிபாருங்கள்.

உண்மையென்றால், அது எவ்வகை முடக்கம் என்பதை அறியுங்கள். கடவுச்சொல்லை மாற்றியதாலோ புதிய கைபேசியிலிருந்து நுழைந்ததாலோ வரும் நிறுத்தம் பாதுகாப்புக்கானது. குறித்த நேரத்தில் தானே நீங்கும். அடையாள ஆவணம் காலாவதியானதால் வந்ததெனில் புதியதைக் கொடுத்தால் போதும். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கப்பட்டால் உங்கள் கோப்பு தேவைப்படுகிறது. சட்ட அமுலாக்க அதிகாரியின் வேண்டுகோள் எனக் கூறப்பட்டால், அதிகாரசபையின் பெயரையும் வழக்கு இலக்கத்தையும் கேட்டு, பதில் எழுதுவதற்கு முன் சட்டத்தரணியைச் சந்தியுங்கள். தளத்திலுள்ள அனைவருக்கும் ஒரே நேரத்தில் மீளப்பெறல் நிறுத்தப்பட்டிருந்தால், நிறுவனமே நொடிந்துகொண்டிருக்கக்கூடும். அங்கு உங்கள் ஆவணங்கள் எதையும் விரைவுபடுத்தா. 2014 பெப்ரவரியில் வீழ்ந்த மவுண்ட் கொக்ஸ் என்ற பரிமாற்றத் தளத்தின் வாடிக்கையாளருக்குப் பிட்கொயின் திரும்பத் தொடங்கியது 2024 யூலையில். 2022 யூனில் மீளப்பெறலை நிறுத்திய செல்சியஸ் என்ற கிரிப்டோ கடன் நிறுவனத்தின் விவகாரத்தில், வட்டிக்காக இடப்பட்ட நாணயங்கள் நிறுவனத்துக்கே உரியவை என்று நியூயோர்க் வங்குரோத்து நீதிமன்றம் 2023 சனவரியில் தீர்ப்பளித்தது. அந்நிலையில் செய்யக்கூடியது, கோரிக்கை சமர்ப்பிக்கும் இறுதித் திகதியைத் தவறவிடாமல் இருப்பது மட்டுமே.

அடுத்து, மீதி, வரலாறு, அறிவித்தல் ஆகியவற்றைத் திகதி தெரியும்படி படமெடுத்து, பரிவர்த்தனை வரலாற்றைத் தரவிறக்குங்கள். புதிதாகப் பணம் வைப்புச் செய்வதை நிறுத்துங்கள். பின்னர் ஒரேயொரு முறைப்பாட்டைப் பதிந்து, அதன் இலக்கத்தின் கீழேயே எல்லாவற்றையும் எழுதுங்கள்; ஒரே விடயத்துக்குப் பல முறைப்பாடுகள் பதிந்தால் கோப்பு பல அலுவலர்களிடம் சிதறும். கடிதம் ஒரு பக்கத்தில் அடங்கட்டும்: நீங்கள் யார், என்ன தொழில் செய்கிறீர்கள், நிறுத்தப்பட்ட தொகையின் ஒவ்வொரு பகுதியும் எந்தத் திகதியில் யாரிடமிருந்து எதற்காக வந்தது, அதற்கான ஆவணம் இணைப்பில் எத்தனையாவது. கோபமும் மிரட்டலும் இடம்பெறாதிருக்கட்டும். ஆவணத்தில் ஓர் எழுத்தையும் திருத்தாதீர்கள். இல்லாத விலைப்பட்டியலை உருவாக்காதீர்கள். உண்மையான பணத்துக்குப் போலி ஆவணம் கொடுத்தவர், விடுவிக்கப்படக்கூடிய கணக்கையும் இழக்கிறார்.

பதிலே வராமலோ, காரணம் சொல்லப்படாமலோ நாட்கள் கடக்கலாம். அதை உடனடியாக அலட்சியம் என்று கொள்ள வேண்டியதில்லை. சந்தேக அறிக்கை அனுப்பப்பட்டதை வாடிக்கையாளருக்கு வெளிப்படுத்துவதைப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டங்கள் பல நாடுகளில் தடை செய்கின்றன. இலங்கையிலும் 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல்வாங்கல்களை அறிக்கையிடல் சட்டத்தின் கீழ் அப்படியே. அந்த அலுவலருக்குத் தெரிந்திருந்தாலும் சொல்ல முடியாது. நீங்கள் கேட்க வேண்டியது, “எந்த ஆவணம் இன்னும் தேவை?” என்பதே.

விடுவிக்கக் கட்டணம் கேட்டால்

இதை எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன். “உங்கள் பணம் ஏ.எம்.எல். (பணம் தூயதாக்கல் தடை) விதியின்படி முடக்கப்பட்டுள்ளது, மீதியின் இத்தனை வீதத்தை வைப்புச் செய்தால் விடுவிப்போம்” என்று கேட்பது மோசடி. முறையான பரிமாற்றத் தளம் ஆவணம் கேட்கும். முடக்கத்தை நீக்கப் புதிய பணம் கேட்காது. திரையில் தெரியும் பெரிய இலாபம் அங்கே ஒருபோதும் இருந்ததில்லை. இட்ட பணம் இட்ட அன்றே போய்விட்டது. நகையை மேலும் அடகு வைத்து அந்தக் ‘கட்டணத்தை’ச் செலுத்த வேண்டாம் என்று மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன். ஆள் சேர்த்தால் தரகு தரும் திட்டங்களும் இவ்வகையினவே. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவின் கீழ் அவை தடைசெய்யப்பட்டவை, எம்.டி.எஃப்.இ., ஒன்மேக்ஸ் டி.ரி. ஆகியவற்றின் பெயர்களை மத்திய வங்கியே வெளியிட்டது. இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று பின்னர் அழைப்பவர்களும், முற்பணம் கேட்டால், அதே வலையைச் சேர்ந்தவர்கள்தாம்.

உள்ளூர் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டால்

10 இலட்சம் ரூபாயைத் தாண்டும் ரொக்க, இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்களையும், தொகை எதுவாயினும் ஐயத்துக்குரியவற்றையும் வங்கிகள் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கின்றன. முடக்கம் பொலிஸ் அல்லது நீதிமன்றக் கட்டளையால் வந்ததாயின், வங்கி முகாமையாளரோடு வாதிடுவதில் பயனில்லை. கட்டளையை விடுத்தது எந்தப் பிரிவு என்பதை மட்டும் எழுத்தில் கேளுங்கள். வாக்குமூலத்துக்கு அழைக்கப்பட்டால், பி2பி பரிவர்த்தனைப் பதிவு, வாங்குநருடன் நடந்த உரையாடல், நாணயம் உங்களிடம் வந்த வழிக்கான ஆவணங்கள் ஆகியவற்றுடன் சட்டத்தரணியை அழைத்துச் செல்லுங்கள். வாக்குமூலம் உங்களுக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்டால், தமிழில் வாசித்து விளக்கும் வரை ஒப்பமிட வேண்டாம். கட்டளை எதுவுமின்றி வங்கியே நிறுத்தி வைத்திருந்தால், முதலில் வங்கிக்கு எழுத்தில் முறையிட்டு, தீராவிடின் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் தொடர்புகொள்ளலாம். குடும்பச் செலவுக்கான சம்பளமும் அதே கணக்குக்கு வருகிறதென்றால், வேலை தருபவருக்கு அறிவித்து, அதை வேறொரு வங்கியில் உங்கள் பெயரிலேயே உள்ள கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மனைவியின் அல்லது தம்பியின் கணக்குக்கு மாற்றினால், விசாரணை அவர்களையும் தொடக்கூடும்.